தேனா, வெல்லமா, பேரீச்சையா: சேலத்துச் சமையலறைக்கு ஏற்ற கிரானோலா பார்

கிரானோலா பார் என்றால் என்ன என்று சேலத்தில் ஒரு மாமியாருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள். பாதி கேட்பதற்குள், "கடலை உருண்டையை உருட்டச் சோம்பல்பட்டுத் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிடுவார். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் வீட்டுக்கு வீடு முடிவு மாறுகிறது.

கடலை உருண்டையில் கடலைக்குச் சற்றுக் குறைவாக, சில வீடுகளில் சமமாகவே வெல்லம் இருக்கும். கிரானோலா பாரில் தானியம் முதலில், பருப்பும் விதையும் அடுத்து, இனிப்பு இவற்றை ஒட்டவைக்கும் அளவுக்கு மட்டும். இதன் மூதாதை இனிப்பே இல்லாத பண்டம். 1863-ல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர், தம் சிகிச்சை இல்லத்து நோயாளிகளுக்காகத் தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, நொறுக்கி, மறுபடியும் சுட்டுக் கொடுத்தார். இரவெல்லாம் பாலில் ஊறினால்தான் மெல்ல முடியும் என்ற அளவுக்குக் கடினம். தேன், பருப்பு எல்லாம் நூறு ஆண்டு கழித்து 1960-களில் வந்து ஒட்டிக்கொண்டவை. கையில் பிடித்துத் தின்னும் பார் அதற்கும் பிந்தையது. ஆகவே 'அசல் செய்முறை' என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. அசலில் தேனும் இல்லை, ஓட்ஸும் இல்லை.

குடும்பத்துக்குச் செய்வது என்று இறங்கினால் நான்கு கேள்விகள் வரும். கடையில் வாங்கிவிடலாமா? எந்தத் தானியம்? எதைக்கொண்டு ஒட்டுவது? ரொட்டி சுடும் மின் அவன் வேண்டுமா, அடுப்பு போதுமா? இந்த நான்கில் மூன்றாவதுதான் தலையானது. மற்ற மூன்றில் எப்படி முடிவெடுத்தாலும் பெரிய கேடு வராது.

கடையா, வீடா

கடைப் பாரை ஒட்டுமொத்தமாகத் திட்டுவது எளிது, ஆனால் நியாயமில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு பெயர்களுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ வந்துவிட்டால் அது மிட்டாய். மிட்டாயாக நினைத்து வாங்கலாம், சத்துணவாக நினைத்து வாங்கக் கூடாது. ஓட்ஸும் பாதாமும் முதலில் வந்தாலும் அவசரப்பட வேண்டாம். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், தேன் என்று இனிப்பை நான்கு பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் தானியத்தையே மிஞ்சிவிடும்.

நேரமே இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாக்லேட்டில் தோய்த்த, வெளிநாட்டுப் பெயர் கொண்ட பாரைவிட, நல்ல கடையில் வாங்கிய கடலை மிட்டாய் மேல். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் அடிப்படையாக இருப்பவை கடலையும் வெல்லமும்தான். இனிப்பு அதிகம், உண்மை. ஆனால் எதைத் தின்கிறோம் என்று தெரிந்து தின்கிறோம்.

வீட்டில் செய்வதன் லாபம் பணத்தில் அல்ல, அளவில் இருக்கிறது என்பது என் கணக்கு. லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ கடலையும் எள்ளும் மொத்தமாக வாங்கினால் கடைப் பாரின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும், சரி. அதைவிடப் பெரிது, துண்டு எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு வெல்லம் என்பதை நீங்களே தீர்மானிப்பது.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். மாலையில் தெருமுனைத் தட்டுவடை செட்டுக்கு இந்தப் பார் மாற்றாகாது. காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்து இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே அமுக்கித் தரும் அந்தச் சுகத்தை ஓட்ஸைக் காட்டி யாரும் வென்றதில்லை. போட்டியில் இறங்கவே வேண்டாம். பாரின் இடம் வேறு: பள்ளி இடைவேளை டப்பா, ஷிப்ட் முடிந்து வருபவரின் பை, ஏற்காடு பஸ்.

எந்தத் தானியம்

ஓட்ஸ், நெல் அவல், சிறுதானிய அவல், பொரி என்று நான்கு வாய்ப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஓட்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் நார்ச்சத்து. அதில் ஒரு பகுதி பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்; இது இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது நிலைபெற்ற செய்தி. புரதமும் அவலைவிடக் கூடுதல். ஆனால் பெட்டியில் 'உடனடி' என்று போட்டிருக்கும் பொடி ஓட்ஸ் பாருக்கு ஆகாது. பாகு பட்டதும் கூழாகிப் பிசுபிசுக்கும். முழுத் தட்டையாக, நகத்தளவு அகலத்தில் இருக்கும் ஓட்ஸைத் தேடி வாங்க வேண்டும்.

கெட்டி அவலை யாரும் புகழ்வதில்லை, ஆனால் வேலைக்காரன். வெறும் வாணலியில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வறுத்தால், விரலால் நசுக்கும்போது பட்டென்று உடையும். பாரில் மொறுமொறுப்பு வேண்டுமானால் ஓட்ஸைவிட இதுவே பொருத்தம். புரதம் 100 கிராமில் ஏழு கிராம் போலத்தான். அந்தக் குறையைக் கடலை ஈடுகட்டிவிடும். சிவப்பரிசி அவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

சிறுதானிய அவலுக்கு இங்கே ஊர்ப்பாசமும் சேர்ந்துகொள்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்தவை சாமையும் தினையும் கேழ்வரகும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் தினை அவல், கம்பு அவல், கேழ்வரகு அவல் தாராளமாக வந்துவிட்டன. சுவை அருமை. ஆனால் இவை நெல் அவலைவிடக் கடினம். நன்றாக வறுத்து, பாதியையாவது ரவைப் பதத்தில் பொடித்துப் போடாவிட்டால் பிள்ளைகள் பாதியில் வைத்துவிடுவார்கள். முழுச் சாமை, முழுத் தினையை வேகவைக்காமல் அப்படியே போடுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். பொரித்தோ, வறுத்து அரைத்தோ போடுங்கள்.

சத்துக் கணக்கில் இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது சரிதான். ஆனால் ஒரு பாருக்குள் போகும் தானியம் பத்துக் கிராம். அதாவது 35 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்துக்கொண்டால், 240 மில்லிகிராம் இருக்கும். எலும்புக்காகக் கேழ்வரகு வேண்டுமென்றால் களியாகவோ கூழாகவோ அடையாகவோ தட்டு நிறையத் தின்ன வேண்டும். பாரில் அதைச் சுவைக்காகப் போடுங்கள், போதும்.

பொரி சேர்த்தால் துண்டு பெரிதாகத் தெரியும், எடை குறைவாக இருக்கும். உடல் எடையில் கவனமாக இருப்பவர்களுக்கு இது நல்ல தந்திரம். ஆனால் காற்றுப் பட்டால் முதலில் நமத்துப்போவது பொரிதான். அன்றைக்கே தின்பதானால் மட்டும் சேருங்கள்.

ஜவ்வரிசியைக் கேட்பவர்களும் இருப்பார்கள், சேலம் அல்லவா. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெருமைப்படலாம், பாயசம் வைக்கலாம், வடகம் போடலாம். பாருக்கு வேண்டாம். மரவள்ளி மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக ஏதுமில்லை, வறுத்துப் போட்டால் பல்லுக்குச் சோதனை.

எதைக்கொண்டு ஒட்டுவது

இனிப்பு இந்தப் பாரில் ருசிக்காக மட்டும் இல்லை, அதுதான் சாந்து. தேன், வெல்லம், பேரீச்சை மூன்றும் மூன்று விதமாகப் பிடிக்கின்றன. பார் கடிக்கும்போது எப்படி இருக்கும், எத்தனை நாள் தாங்கும், யார் தின்னலாம் என்பதையெல்லாம் இதுவே முடிவு செய்கிறது.

தேனை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன், கெட்டது என்பதால் அல்ல. ஏற்காட்டில் வாங்கிய மலைத்தேனைக் கொதிக்கவைத்து அதன் வாசனையை ஆவியாக்குவது பாவம். கொதிக்கவைக்காவிட்டாலோ அது இறுகுவதில்லை. தேன் மட்டுமே சேர்த்த பார் குளிர்பதனப் பெட்டிக்குள் கட்டியாக இருக்கும். வெளியே எடுத்தால், சேலத்து வெயிலில், கால் மணி நேரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். விலையும் வெல்லத்தைப்போலப் பல மடங்கு. அசலா என்ற சந்தேகம் வேறு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பெயர்பெற்ற தேன் வகைகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னது நினைவிருக்கலாம். அதோடு, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கான கிருமி வித்துகள் அதில் இருக்கக்கூடும். இத்தனையும் தாண்டித் தேன் வேண்டுமென்றால், வெல்லப் பாகை இறக்கிய பிறகு ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள். மணமும் நிற்கும், பாரும் நிற்கும்.

பேரீச்சையின் பெரிய பலம், அடுப்பே வேண்டாம் என்பது. கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராம், வறுத்த கடலையும் பாதாமுமாக 200 கிராம், வறுத்த ஓட்ஸ் 150 கிராம். பேரீச்சையை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாக வடித்து, மிக்ஸியில் விழுதாக்கிப் பிசைந்து தட்டினால் ஆயிற்று. வடிப்பதில் அவசரம் கூடாது. தண்ணீர் தங்கினால் மூன்றாம் நாள் பூஞ்சை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். இந்தப் பார் மெத்தென்று இருக்கும், பல் தேய்ந்தவர்களுக்கும் பல் முளைத்துவரும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான் என்றாலும் 100 கிராமுக்கு ஏழு, எட்டு கிராம் நாரும் கூடவே வருகிறது. 'சர்க்கரை சேர்க்காதது' என்று இதைச் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சேர்க்கவில்லை, ஆனால் இருக்கிறது.

குறை, சேமிப்பில். வெளியே வைத்தால் கோடையில் இரண்டு மூன்று நாள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரம் போகும். பள்ளிப் பையில் மதியம் வரை கிடந்தால் ஓரம் வழிந்து டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வெல்லம். இந்த ஊரில் இருந்துகொண்டு வெல்லத்தை விட்டுத் தேனுக்குப் போவது எனக்குப் புரிவதில்லை. ஓமலூர், காமலாபுரம் பக்கத்து ஆலைகளில் காய்ச்சும் வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு ஏலத்துக்கு வருகிறது. ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் அழகாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்னும் வெளுப்பு ரசாயனம். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய வெல்லத்தை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த மாவட்டத்தில் பறிமுதல் செய்த செய்தி பொங்கல் நெருங்கும்போதெல்லாம் வருவதுதான். கரும்பழுப்பாக, உடைத்தால் உள்ளே சற்று ஈரப்பசையோடு இருப்பதை எடுங்கள். பாருக்கு நிறம் ஒரு பொருட்டே அல்ல.

20 பார்களுக்கு அளவு: கெட்டி அவல் 200 கிராம், நிலக்கடலை 150, பொட்டுக்கடலை 50, எள் 30, பூசணி விதை 30, வெல்லம் 220, நெய் ஒரு மேசைக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் வெடிக்கும் நேரத்தில் கடலை பச்சையாகவே இருக்கும். கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை வருவது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் போகாது. பொட்டுக்கடலை முழுவதையும், அவலில் கால் பங்கையும் ரவைப் பதத்தில் பொடியுங்கள். இந்தப் பொடிதான் சூட்சுமம். முழுத் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளை அது அடைத்துவிடுவதால் அந்த இடத்தையும் வெல்லத்தால் நிரப்ப வேண்டியதில்லை. கடலை உருண்டைக்குக் கேட்கும் வெல்லம் இதற்குக் கேட்காததற்குக் காரணம் இதுவே.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்; மணலும் கரும்புச் சக்கையும் இருக்கும். பிறகு அடிகனமான வாணலியில் கொதிக்க விடுங்கள். நுரை முதலில் பெரிய பெரிய குமிழாக எழும்பும், பிறகு சிறுத்து, பாகு கரண்டியிலிருந்து சோம்பலாக இறங்கத் தொடங்கும். அப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. விரலில் எடுத்து உருட்டினால் உருண்டு, உள்ளங்கையில் வைத்ததும் தளர்ந்து படுத்துக்கொண்டால் அது அதிரசத்துக்கான பதம், பார் இறுகாது. உருண்டை படுக்காமல் நின்று, அழுத்தினால் மட்டும் சற்றே அமுங்கினால் நமக்கு வேண்டியது அதுதான். தட்டில் போட்டுக் 'கிணுக்' என்று சத்தம் கேட்கும்வரை விட்டுவிட்டால் கடலை மிட்டாய்ப் பதம். தாத்தாவின் பல் செட்டு ஆபத்துக்குள்ளாகும்.

பதம் வந்ததும் நெய்யை விட்டு, அடுப்பை அணைத்து, வறுத்தவை அனைத்தையும் கொட்டிக் கிளறுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கையில் நேரம் இல்லை. நெய் தடவிய தட்டில் கொட்டி, அடி தட்டையான டம்ளரால் அழுத்துங்கள். ஓரங்களில் இன்னும் கொஞ்சம் பலமாக, ஏனென்றால் உதிர்வது எப்போதும் ஓரத்துத் துண்டுகள்தான். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நெய் தடவிய கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். முழுக்க ஆறிய பின் வெட்ட முயன்றால் பார் கிடைக்காது, சில்லுகள் கிடைக்கும்.

இந்த அளவில் ஒரு துண்டு 34 கிராம் வரும். சுமார் 150 கலோரி, புரதம் நான்கு கிராம், வெல்லம் 11 கிராம். புரதத்தை ஒரு முட்டையோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. இனிப்பைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு: சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழ், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குக் கீழ். 2,000 கலோரி உண்ணும் பெரியவருக்கு ஐந்து சதவீதம் என்பது 25 கிராம். தேனும் இந்தக் கணக்கில் சேரும், வெல்லமும் சேரும். பள்ளிப் பிள்ளைக்கு அளவு இன்னும் குறைவு. ஆகவே நாளுக்கு ஒரு பார், அன்றைக்குக் காபி, பாலில் சர்க்கரை பாதி. வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டை நீட்டாதீர்கள். 11 கிராம் வெல்லத்தில் வரும் இரும்பை நம்பி இரத்தசோகை போகாது.

ஏற்காட்டில் செய்தால்

அடிவாரத்தில் செய்த அதே கையளவு இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனதும் முரண்டு பிடிக்கும். காரணம் எளிது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். பாகின் ஒவ்வொரு பதமும் அதே நான்கைந்து டிகிரி கீழே வந்துவிடும். தெர்மாமீட்டரை நம்பி, சமவெளிச் செய்முறையில் சொன்ன 120 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தால், நமக்கு வேண்டிய பதம் வந்து போய் நேரமாகியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் பாட்டிமார் முறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைத்தான் அது காட்டுகிறது. உயரம் எதுவானாலும் அது பொய் சொல்லாது.

இன்னொன்று, மூடுபனி. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மலைமேல் திறந்துவைத்த வெல்லப் பார் ஒரே இரவில் வியர்த்துவிடும். அங்கே பாகை ஒரு படி கூடுதலாக இறுகவிட்டு, ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பேரீச்சைப் பாருக்கு இந்தக் குளிர் நன்றாகவே ஒத்துவரும். ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதைத் தடுக்கக் குளிர்பதனப் பெட்டி மட்டும் வேண்டும். கீழே சேலத்திலோ எதிரி வெயில். மேலே சாக்லேட் ஊற்றி அழகுபார்க்கும் எண்ணம் இருந்தால் மார்கழியோடு முடித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் முப்பது டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். ஏப்ரலில் பள்ளிப் பைக்குள் அதன் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

மலைப் பொருள்களில் எதைச் சேர்க்கலாம்? ஆரஞ்சுச் சுளை, பேரிக்காய், பச்சைப் பலாச்சுளை எதுவும் கூடாது. ஈரம் பாரைக் கெடுத்துவிடும். ஆரஞ்சின் மேல்தோலை, வெள்ளைப் பகுதி வராமல், மெல்லத் துருவிப் பாகில் போட்டால் வீடே மணக்கும். மிளகும் சுக்கும் தட்டிப் போட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது காபி. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்த மலைக்கு வந்த பயிர். சிக்கரி கலக்காத தூள் ஒரு தேக்கரண்டி, பாகை இறக்கும் முன். அந்தக் கசப்பு வெல்லத்தின் தித்திப்பை அடக்கிவிடும். பிள்ளைகளுக்குச் செய்வதில் மட்டும் போட வேண்டாம்.

அவனா, அடுப்பா

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அவனில் 150 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வைத்தால் ஓட்ஸ் பார் சீராகச் சிவக்கும். தேனோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்த கலவை காய்ந்து பிடித்துக்கொள்ளும். அவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காக வாங்காதீர்கள். இரும்பு வாணலியில் பொறுமையாக வறுத்ததற்கும் அதற்கும் வாசனையில் வித்தியாசம் கண்டுபிடிக்க, தனியாக ஒரு மூக்கு வேண்டும்.

யாருக்கு எது

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வெல்லப் பார், அவலும் கடலையும் போட்டது. அறை வெப்பத்தில் இரண்டு வாரம் தாங்கும், டப்பாவில் ஒட்டாது, தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொன்னால் போதும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் முழுக் கடலை, முழுப் பாதாம் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் பொடித்து, பேரீச்சை விழுதில் மெத்தென்று செய்துகொடுங்கள். கடலை முதல்முறை கொடுக்கும் குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று சிறிதளவு கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பாருக்கு வாருங்கள்.

ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும், விடியற்காலையில் நடைக்குப் போய்விட்டு நேரே கடை திறப்பவருக்கும் கடலையும் விதையும் கூட்டி, தானியத்தைக் குறைத்த வெல்லப் பார். பசி தாங்கும். எடை குறைக்க நினைப்பவர்கள் பாரை விட்டுவிட்டு ஒரு கொய்யாவைக் கடித்துக்கொள்வது மேல். 34 கிராமில் 150 கலோரி என்பது சிறிய துண்டுக்குள் ஒளிந்திருக்கும் பெரிய கணக்கு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் பரிகாரம் அல்ல. வெல்லம் சர்க்கரையைவிட மெதுவாக ஏறும், தேன் மருந்து, பேரீச்சை பழம்தானே என்று வீட்டுக்கு வீடு ஒரு சமாதானம் இருக்கிறது. குளுக்கோமீட்டர் இந்தச் சமாதானங்களைக் கேட்பதில்லை. அவர்களுக்கு அதே கடலையையும் பூசணி விதையையும் பாகில்லாமல், உப்பும் மிளகும் தூவி வறுத்து ஒரு கைப்பிடி கொடுங்கள். சுண்டல் இன்னும் நல்லது. வீட்டில் எல்லாரும் ஒரே தட்டில் இருந்து எடுக்க வேண்டும் என்பது அன்பாக இருக்கலாம், ஆனால் சமையலில் அது எப்போதும் சரியாக வராது.

முதல்முறை செய்கிறவர்கள் பாதி அளவில், பேரீச்சைப் பாரிலிருந்து தொடங்கலாம். பாகு தவறிவிடுமோ என்ற பயமே இல்லை. கை பழகிய பிறகு வெல்லத்துக்கு வாருங்கள். வெட்டும்போது உதிரும் தூளை எறிந்துவிடாதீர்கள். ஒரு சிறு பாட்டிலில் போட்டுவைத்தால், காலையில் கெட்டித் தயிரிலோ சூடான பாலிலோ இரண்டு கரண்டி போட்டுக்கொள்ளலாம். வாழைப்பழம் ஒன்றை நறுக்கிச் சேர்த்தால் அவசர நாளின் காலை உணவு முடிந்தது.